கம்பி பிரஷ்ஷும் எங்க வீட்டுக்காரரும்

கல்யாணம், பொறந்தநாளுக்கு வெளியில அடுப்பு போட்டுக் கோழி சுட்டுக் குடுக்கிறவங்களே, நெருப்புகிட்ட நாம சூதானமா இருந்துடுவோம். நம்மளக் கவுக்கிறது கோழி சுடுற கம்பி வலையைத் தேய்க்கிற வேலைதான்.

சோத்து உருண்டை

எங்க மலேசியாவுல, போர்டிக்சன் கடற்கரையில ஒரு விருந்து. எங்க வீட்டுக்காரர் அந்தோணி வழக்கம்போல சுட்ட கோழியில ஒரு துண்டை வாயில போட்டு ருசி பார்த்தவர், தொண்டையைப் பிடிச்சுக்கிட்டார். முள்ளு குத்திருச்சுன்னார். எஸ்டேட்டுல வளர்ந்த எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான்: சோத்தை உருட்டிக் குடுத்து முழுங்குங்கன்னேன். உருண்டை மேல உருண்டை போயும் வலி கூடுச்சே தவிர குறையல.

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்தா, ஐயோ, நாங்க வலை தேய்க்கிற பிரஷ்ஷோட கம்பி! தேய்க்கிறப்ப உதிர்ந்து வலையில ஒட்டி, கோழிக்கு வந்திருக்கு. என் உருண்டை அதை இன்னும் ஆழமாத் தள்ளிவிட்டிருக்கு. நல்லவேளை, எடுத்துட்டாங்க. டாக்டரம்மா என்னைத்தான் கேட்டாங்க: "கோழி தின்னவருக்கு மீன் முள்ளு எப்படிம்மா குத்தும்?"

வெள்ளைத் துணி

வேற ஆளா இருந்தா தொழிலையே விட்டிருப்பார். இவர் பிரஷ்ஷை மட்டும் விட்டார். இப்பல்லாம் மரக்கட்டையால சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி, ஈர வெள்ளைத் துணியால துடைச்சு, கம்பி ஏதும் ஒட்டியிருக்கான்னு அந்தத் துணியை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பார். சட்டுனு கோபம் வர்ற மனுஷனுக்கு இவ்வளவு பொறுமையான்னு எனக்கே பெருமையா இருக்கும். ரஹாங்ல ஒரு வீட்டுல பசியோட நின்ன பெரியவருக்குத்தான் தாங்கல: "தம்பி, கோழி சுட வந்தியா, நகைக்குப் பாலிஷ் போட வந்தியா லா?"

பிள்ளைக்கு ஊட்ட

ஒரு எஸ்டேட்டு வீட்டுல சின்னப் பிள்ளைக்குப் பொறந்தநாள். கரி பத்தாதுன்னு அந்தோணி டவுனுக்கு வாங்கப் போன நேரம். நான் உள்ளே சோறு வடிச்சுக்கிட்டிருந்தேன். பிள்ளையோட மாமா ஒத்தாசை பண்றாராம்! மோட்டார் சைக்கிள்ல துரு தேய்க்கிற கம்பி பிரஷ்ஷால வலையைத் தேய்ச்சு, கோழியையும் அடுக்கிச் சுட்டுட்டார்.

திரும்பி வந்த அந்தோணி அடுப்போரம் கிடந்த பிரஷ்ஷைப் பார்த்தார். வெந்த கோழி அத்தனையையும் அள்ளிக் குப்பையில கொட்டினார். பிள்ளையோட அப்பா கையில கிண்ணத்தோட ஓடி வந்து, "ஊரையே கூப்பிட்டு வெச்சிருக்கேன், மானத்தை வாங்குறீங்களே!"ன்னு கத்தினார்.

இவர் இடுக்கியில ஈரத் துணியைப் பிடிச்சு வலையைத் துடைச்சு, அவர் முன்னாடி நீட்டினார். துணியில கம்பி மின்னுச்சு. அந்த மனுஷன் துணியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். அதுல பிச்சுப் போட்ட கோழி. அவர் காலைக் கட்டிக்கிட்டு நின்ன பிள்ளை ஆன்னு வாயைத் திறந்துச்சு. கிண்ணத்தை அப்படியே குப்பையில வீசிட்டு, பிள்ளையைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். அப்புறம் இவரைப் பார்த்துச் சொன்னார்: "ஊட்டத்தான் ஊதி ஊதி ஆற வெச்சுக்கிட்டிருந்தேன், அண்ணே."

கோழி லேட்டாயிருச்சுன்னு நாலு பேர்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு வீடு திரும்பினா, நம்ம தொழில்ல அதுதாங்க நல்ல நாள்.