வரிசைக்காரி கட்டிய மரம்

ஆஸ்பத்திரியின் கோப்பறையில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் வரிசைக்காரி. சும்மா வைக்கவில்லை. நோயாளி எண் ஒன்று இடம் மாறி இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டில் கட்டினவனின் சட்டைகள்கூட நிறவாரியாகத்தான் தொங்கும். "நல்லவேளை, எங்களை உயரவாரியா நிக்க வைக்கலை" என்பான் பஸ் டிரைவரான அவள் புருஷன்.

இப்பேர்ப்பட்டவளுக்குக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போக ஆசை. ஒன்றரை வருஷம் மாலை வகுப்புக்குப் போய் நிரல் எழுதக் கற்றாள். பிரிவில் மூன்று இடம் காலி. பயிற்சிக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முதலில் முடிக்கும் மூன்று பேருக்கு வேலை என்றார் மேலாளர். நாற்பது வயதானால் விண்ணப்பமே போட முடியாது. அவளுக்கு முப்பத்தொன்பது. இதை விட்டால் ஆயுசுக்கும் கோப்பறைதான்.

கணக்கு இதுதான். கலைந்து கிடக்கும் ஐம்பதாயிரம் நோயாளி எண்களை ஒரு மரமாகக் கட்ட வேண்டும். முதல் எண் உச்சியில். அடுத்து வருவது அதைவிடச் சின்னதா? இடப்பக்கம். பெரியதா? வலப்பக்கம். இப்படிக் கிளைக்குக் கிளை கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். மரம் சரியாக அமைந்தால் எந்த எண்ணையும் இருபது முப்பது கேள்வியில் பிடித்துவிடலாம். மொத்தமும் ஐந்து வினாடிக்குள் முடிந்தால் திரையில் பச்சை எழுத்து, இல்லையென்றால் சிவப்பு.

பத்து எண் போட்டுப் பார்த்தாள், ஜம்மென்று ஓடியது. ஐம்பதாயிரமும் போட்டாள், சிவப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை சிவப்போ சிவப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிவரியாகத் தேடியும் ஒரு தப்பும் அகப்படவில்லை. இதற்குள் இரண்டு பேர் முடித்துவிட்டார்கள். பாக்கி ஓர் இடம். பக்கத்து மேசையில் அதே இடத்துக்குப் போட்டி போடும் ரசீது கவுண்டர்காரர் வேறு படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்கு, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கை எட்டிப் பார்த்தாள். அக்கா தன் மரத்தைப் பத்து எண்களோடு காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா, மரம்னு சொன்னே, ஒரு கிளையைக்கூட காணோம்? மாடிப்படி மாதிரி ஒரே பக்கமா இறங்குது."

"நீ வேற, எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தாதடி" என்றவள் காகிதத்தைப் பார்த்துத் திகைத்தாள். இடப்பக்கம் ஓர் எண்கூட இல்லை.

ஏன் என்று யோசித்ததுமே விடை பளாரென்று அறைந்தது. நிரலின் முதல் வரியில் மகராசி என்ன செய்திருந்தாள் தெரியுமா? கலைந்த எண்களைப் பார்க்கப் பொறுக்காமல், சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி வைத்துவிட்டிருந்தாள்! யாராவது கேட்டார்களா? அடுக்கி அனுப்பினால் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரியது, எல்லாம் வலப்பக்கமே போய்ச் சேரும். கடைசி எண்ணைப் பிடிக்க ஐம்பதாயிரம் படி இறங்க வேண்டும். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

"அடிப்பாவி, கண்டுபிடிச்சுட்டடி" என்று தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். தங்கைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்த ஒரு வரியை அழிக்க அவளுக்கு விரல் கூசியது, சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐம்பதாயிரம் எண்களையும் கலைந்தபடியே விடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். ஓட்டினாள். விரலை எடுப்பதற்குள் பச்சை.

"சார், வந்துடுச்சு" என்று கையைத் தூக்கினாள். ரசீதுக்காரர் தட்டுவதை நிறுத்தினார். மேலாளர் வந்து திரையைப் பார்த்தார்.

"மூணாவது இடம் உங்களுக்குத்தாம்மா. திங்கட்கிழமை இங்கேயே வந்துடுங்க."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"சார், இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?"

"எதுக்கும்மா? அதான் பாஸாயிடுச்சே."

"சும்மா பாக்கத்தான், சார்."

ஓட்டினாள். பச்சை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஓட்டினாள்.