டேகேரில் பட்டினி கிடந்த எங்க வீட்டுத் தம்பி

நாயைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு டேகேர் என்று பெயர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது. மாட்டுத்தாவணி தாண்டிப் போகும்போது ஒரு வீட்டுச் சுவரில் நாய்க்குட்டிப் படம் வரைந்திருப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். நாய் விற்கிற இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

கர்த்தர் எங்களை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது எங்க வீட்டுக்காரருடைய முழங்காலை வைத்துத்தான். வழுக்கி விழுந்து, ஆபரேஷன் பண்ணி, வாக்கரைப் பிடித்து நடக்கிற நிலைமைக்கு வந்திருந்தார். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டிலோ லேப்ரடார் நாய். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன பிள்ளை. நாங்கள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவது. அரிசி மூட்டை கனம் இருப்பான். அவனுக்கு என்மேல் மரியாதை உண்டு, இவர்மேல்தான் பாசம். பாசம் வந்தால் ரெண்டு முன்னங்காலையும் தூக்கி இவர் நெஞ்சில் வைப்பான். நல்ல காலுள்ள மனுஷனே ஆடிப்போவான்.

கட்டிப் போட்டுப் பார்த்தோம். தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதான். அந்த அழுகை பொறுக்காமல் இவர் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். அவன் மேலே விழுந்து இவர் விழுவாரோ, அவன் அழுது இவர் விழுவாரோ என்று நான் ரெண்டு பேரையும் காவல் காத்துக்கொண்டு சோறு பொங்காமல் கிடந்தேன்.

அந்தச் சமயத்தில் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து மாப்பிள்ளை இவரைப் பார்க்க வந்தார். இவருடைய தங்கச்சி மகளைக் கட்டினவர். தென்னந்தோப்பு இருக்கிறது.

"மாமா, பேசாம நாய எங்கிட்டக் குடுத்துருங்க. தோப்புல கெடக்கட்டும்."

"அவன் ஃபேனுக்கு அடியில தூங்குறவன், மாப்ள."

"எல்லாம் பழகிரும் மாமா. ஒரு வாரம் கத்துவான். அப்புறம் எங்க ஆளு ஆயிருவான்."

அந்தக் கடைசி வார்த்தை இவருக்கு ஆகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசியில் நான்தான் நடுவில் விழுந்து பேசினேன். டேகேரில் ஒரு வாரம் விட்டுப் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் சனிக்கிழமை மாப்பிள்ளை லோடு ஆட்டோவோடு வரட்டும் என்று முடிவானது. இவர் சரி என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றும் சொன்னார்.

டேகேரை நடத்துகிறது ஒரு சின்னப் பொண்ணு. என்னை ஆன்ட்டி என்றது. ஊசி போட்ட புத்தகத்தை வாங்கி, எது விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தது. காதுக்குள்ளே உண்ணி இருக்கிறதா என்று விலக்கிப் பார்த்தது. மற்ற நாய்களோடு கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நிறுத்தி மோந்து பார்க்கவிட்டு, அப்புறம்தான் உள்ளே சேர்த்தது. இதெல்லாம் செய்யாமல் "விட்டுட்டுப் போங்க" என்கிற இடமாக இருந்தால் யாரும் விட்டுவிட்டு வராதீர்கள். காலையில் வயிறு நிறையப் போட்டு ஆட்டோவில் ஏற்றாதீர்கள் என்றும் சொன்னது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் எங்களை ஏற்றிவந்த ஆட்டோ அண்ணனுக்கு நான் சீட்டுக் கழுவிக் கொடுத்திருக்க வேண்டாம்.

"ஆன்ட்டி, தம்பிக்குன்னு தனியாப் பழக்கம் ஏதாவது இருக்கா? நாங்க தெரிஞ்சு வச்சுக்கணும்."

"ஒரு பழக்கமும் இல்லம்மா. தங்கமான பிள்ளை" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

முதல் நாள் சாயங்காலம் கூட்டிவரப் போனபோது, சாப்பாடு வைக்கிற பாய் கேட்டுக்கு வந்தார். கோரிப்பாளையத்துக்காரர், என் வயசு இருக்கும்.

"அம்மா, பையன் சாப்பிடல."

"புது இடம்ல பாய்."

"இல்லம்மா. கையில பிஸ்கட் குடுத்தா வாங்கித் திங்கிறான். தட்டுல சோத்த வச்சா உக்காந்து என் மூஞ்சியப் பாக்குறான். வாயில எச்சி ஒழுகுது, ஆனாத் திங்க மாட்டேங்குறான். வீட்டுல வேற தட்டா?"

வேற தட்டுதான், எவர்சில்வர். மறுநாள் அதைக் கொடுத்தனுப்பினேன். சாப்பிடவில்லை. அதற்கு மறுநாள் வீட்டுச் சோறே கட்டிக்கொண்டு போனேன், கோழி ஈரல் போட்டு. எதிரே வைத்துவிட்டுப் பாய் நகர்ந்ததும் பக்கத்து நாய் வந்து ஈரலைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இவன் அதையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். வீட்டுக்கு வந்தாலோ ரெண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் தின்கிறான். வெறும் வயிற்றில் பகலெல்லாம் ஓடி மஞ்சளாய் வாந்தி வேறு எடுத்துவிட்டான். நாய் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை, ஏக்கம் என்றார்.

டேகேர் பொண்ணு பயந்துவிட்டது. "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. சாப்பிடாத பிள்ளைய வச்சுக்கிட்டு எங்களால பொறுப்பெடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்."

வெள்ளி போனால் சனி. சனிக்கு லோடு ஆட்டோ.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜெபம்தான். பெண்கள் உபவாச ஜெபத்தில் விண்ணப்பம் வைத்தேன். நாய்க்காக என்று சபையில் சொல்ல வெட்கமாக இருந்தது. "எங்க வீட்டுல ஒரு ஆளு சாப்பாட்டையே தொட மாட்டேங்குது, ஞாபகம் வச்சுக்கோங்க" என்றேன். அக்காமார் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், ரொட்டி என்று இவருக்கு வந்து குவிந்தது. போதகர் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, கொஞ்சமாவது சாப்பிடணும்யா" என்று கெஞ்சினார்கள். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பழத்தை மட்டும் ஒன்று விடாமல் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் டேகேர் பொண்ணு போனில் வீடியோ அனுப்பியது. தட்டில் சோறு. தம்பி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தலையைத் தூக்கிப் பாயைப் பார்க்கிறான், பொண்ணைப் பார்க்கிறான், மறுபடி பாயைப் பார்க்கிறான். வால் மட்டும் தரையைக் கூட்டுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "பிள்ளை எம்புட்டு ஏங்கிப்போயிட்டான் பாருங்க" என்று போனை இவரிடம் நீட்டினேன்.

இவர் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். கட்டில் குலுங்கியது.

"அடியே, அவன் ஏங்கவுமில்ல ஒண்ணுமில்ல. ஜெபத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கான்!"

விஷயம் இதுதான். அவன் குட்டியாக இருந்தபோது, நாங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபிக்கிற நேரமாகப் பார்த்து இவர் தட்டிலிருந்த வறுத்த மீனைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். இவர் அவனை அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் தட்டையும் எங்கள் தட்டுகளோடு தரையில் வைத்து, அவனையும் உட்காரவைத்து, எல்லோருக்கும் சேர்த்து ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபிறகுதான் அவன் வாய் வைக்கலாம். பிஸ்கட்டுக்கு ஜெபம் கிடையாது. தட்டில் வைத்தால் ஜெபம். இத்தனை வருஷத்தில் அது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. பழக்கம் இருக்கிறதா என்று அந்தப் பொண்ணு கேட்டபோது, இது ஒரு பழக்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாயை விடப் போகிறவர்கள் தயவுசெய்து முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து, நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நாயை அல்ல, உங்களைப் பாருங்கள். அங்கே போய்ச் சொல்ல வேண்டியது அதைத்தான்.

இன்னொன்றும் நினைத்தேன். பசி வயிற்றைப் பிடுங்குகிறது, முன்னால் ஈரல் சோறு, யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் காத்திருந்தான். கல்யாண வீட்டில் போதகர் ஜெபம் முடிக்கிறதுக்குள் இலையில் அப்பளத்தை ஒடித்தவள் நான்.

இவர் உடனே தன் குரலில் ஒரு ஜெபத்தைப் பதிவு பண்ணி வாட்ஸப்பில் அனுப்பினார். இவர் ஜெபம் சோற்றில் ஆரம்பித்து, வட நாட்டு ஊழியக்காரர்கள், நாட்டை ஆளுகிறவர்கள், சபையின் ஒழுகுகிற கூரை என்று போய்த்தான் முடியும். கொஞ்ச நேரத்தில் பாய் போன் பண்ணினார். "அம்மா, ஐயா குரலைக் கேட்டதும் அவர எங்க ஒளிச்சு வச்சிருக்கோம்னு பையன் கட்டிலுக்கடியில எல்லாம் தேடுறான். சோத்துப் பக்கமே வரல. மத்த நாயெல்லாம் சேந்து ஊளை விடுது. நிப்பாட்டிரவா?"

வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு அக்காவை இவருக்குக் காவல் வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு நானே போனேன். தட்டை வைக்கச் சொன்னேன். தம்பி உட்கார்ந்தான். நான் கண்ணை மூடி, "தகப்பனே, இந்தச் சோத்துக்காக ஸ்தோத்திரம், ஆமென்" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தேன். தட்டு சுவர் வரைக்கும் நகர்ந்து போகிற மாதிரித் தின்றான்.

டேகேர் பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அப்புறம், "ஆன்ட்டி, நீங்க தினமும் மத்தியானமும் வர முடியுமா?" என்று கேட்டது. விடவும் கூட்டிவரவும் போகிறது போக மத்தியானமும் எப்படி வர முடியும்? இவரை வைத்துக்கொண்டு இன்றைக்கு வந்ததே பெரிசு. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாய் சொன்னார், "நான் சொல்றேன்மா."

"பாய், உங்களுக்கு ஒரு சங்கடமும்..."

"சோத்துக்கு நன்றி சொல்றதுல என்னம்மா சங்கடம்? நாங்க மட்டும் சும்மாவா வாயில வைக்கிறோம்?"

லேப்ரடாருக்கு வயிறு நிறைந்தது என்று ஒன்று கிடையாது. அதனால் இன்னொரு கை சோறு வைத்தோம். பாய் தன் வழக்கப்படி மெதுவாக எதையோ ஓதி, "ஆமீன்" என்றார். தம்பி அவரைப் பார்த்தான். பாய் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். நான் செய்ததில் பாய் எதை விட்டுவிட்டார்? அப்போதுதான் கவனித்தேன்.

"பாய், கண்ண மூடணும்."

"கண்ணையா?" பாய் சுற்றிலும் பார்த்தார். குட்டியும் பெரிசுமாக ஒரு பட்டாளமே நிற்கிறது. "இதுக நடுவுலயா? போன மாசம் அந்தப் பக்கம் திரும்புன நேரத்துல என் ஒத்தச் செருப்பு போச்சும்மா."

"ஒரு நிமிஷம்தான் பாய்."

பாய் ஒரு கண்ணை மட்டும் மூடினார். தம்பி திறந்திருந்த கண்ணையே பார்த்தான்.

"விவரமான ஆளுதாம்மா" என்று சொல்லிவிட்டு, ரெண்டு கண்ணையும் மூடி, கையை ஏந்தி, உதடு அசைய நின்றார். அந்தப் பொண்ணும் எதற்கோ கண்ணை மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். பாய் கண்ணைத் திறந்தார். தம்பி தட்டில் விழுந்தான். அதே நேரத்தில் சப்பை மூக்கு நாய் ஒன்று பாயுடைய டிபன் பையை வாயில் கவ்விக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஏய்! அதுல புரோட்டா இருக்குடா!"

பொண்ணு சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டது. எழுந்ததும், "பாய் அண்ணே, இனிமே இவனுக்கு உள் ரூம்ல வச்சுக் கதவச் சாத்திட்டுக் குடுங்க" என்றது. என்னைப் பார்த்து, "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி" என்றது. நான் அந்தப் பொண்ணு கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில் மாப்பிள்ளைக்குப் போன் பண்ண ரெண்டு பேருக்குமே மறந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சாக்கு விரித்து, புதுச் சங்கிலி வாங்கி, தண்ணீர் வாளிகூடக் கொண்டுவந்திருந்தார் மனுஷன். நான் பதறிப்போய்த் தம்பியை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

"தர முடியாது மாப்ள" என்றார் இவர், நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்காமல்.

"வரச் சொன்னதே நீங்கதான மாமா?"

சாப்பிட உட்காரவைத்து, கறிக்குழம்பை ஊற்றி, நடந்ததை நான் சொன்னேன். மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது.

"ஜெபம் பண்ணாமச் சாப்பிடாத நாயா? நல்லவேளை அத்தை. தோப்புல நான் யாரைப் போய்க் கண்ண மூடச் சொல்றது? நானே கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ்தான் கண்ண மூடுற ஆளு. அவன் என்னையத் திருத்திருவான் போல."

"திருந்துனா நல்லதுதான். ஆனா நாயத் தர மாட்டேன்" என்றார் இவர்.

மாப்பிள்ளை சங்கிலியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இவர் வாக்கரைக் கேட்டார். நான் தாங்கிப் பிடிக்க, வாசல் கேட் வரைக்கும் வந்து நின்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு தூரம் நடந்தது அன்றைக்குத்தான்.

"உள்ள போங்க மாமா. நாயக் களவாண்டுட்டா போயிறப் போறேன்?"

"நீ மொதல்ல வண்டிய எடு."

ஆட்டோ முக்குத் திரும்பியது. இவர் நகரவில்லை. சத்தம் முழுக்க அடங்குகிற வரைக்கும் நின்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்து, "இப்பப் போய் அவனத் தொறந்து விடு. நம்ம சங்கிலியச் சுருக்கிப் பிடி, எம்மேல தாவிருவான், என்ன" என்றார்.