பெயிண்ட் சுரண்டிய கம்பி

முதலில் ஜன்னல் கம்பியைத் தொடுகிறார் ஒச்சப்பன். சும்மா தொட்டால் போதாது. சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கம்பியில் பெயிண்டைச் சுரண்டி, உள்ளே தெரிகிற வெள்ளை இரும்பில் உள்ளங்கையை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிடுகிறார்: "உடம்புல கரண்டு நிக்கும்ணே. கண்ணுக்குத் தெரியாது. அதோட போய்த் தொட்டா கார்டு செத்துரும். ஒங்களுக்குப் பெயிண்டு பெருசா, கார்டு பெருசா?"

திண்டுக்கல்லில் எந்த வீட்டு ஜன்னலிலாவது இப்படி ஒரு வட்டம் சுரண்டியிருந்தால், உள்ளே பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். திருடனுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. நல்லவேளை, நம் ஊர்த் திருடர்கள் ராம் என்கிற மெமரிச் சில்லைக் கழற்றுகிற வகுப்பையே இன்னும் தாண்டவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒச்சப்பனுக்கு வயது முப்பத்து நான்கு. வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் வருகிறார். தோளில் ஜிப் போகாத பை. அதற்குள் இரண்டு ஸ்குரூ டிரைவர், ஒரு அங்குல பெயிண்ட் பிரஷ், சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பேஸ்ட் டியூப், டார்ச் லைட், பென்சில் ரப்பர் ஒன்று. கார்டின் தங்கப் பற்களை அந்த ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வார். வேறு யாராவது அதே ரப்பரால் நோட்டில் எதையாவது அழித்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் இடி விழும்.

திரையில் படம் வரைகிற வேலை முழுக்க அந்தக் கார்டின் தலையில்தான். விளையாட்டு பெரிதாகப் பெரிதாக அது அடுப்பு மாதிரி கொதிக்கும். அதனால் அதற்கென்று தனியாக ஒரு காற்றாடி. இவ்வளவும் தெரிந்த ஒச்சப்பன் ஒரு நாள்கூட விளையாடியதில்லை. அந்தத் திரையை ஐந்து நிமிடம் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றிக் குமட்டும். அதனால் யாரையாவது விளையாடச் சொல்லிவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக் காற்றாடிச் சத்தத்தைக் கேட்பார். செத்த நேரத்துக்கு ஒரு தடவை, "திரை மூலைல எத்தனை டிகிரி காட்டுதுலே?" என்று கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து எழுபத்தெட்டை எழுபது என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "சத்தம் எழுபத்தஞ்சைத் தாண்டிருச்சு, என்கிட்டயா டிமிக்கி குடுக்கிறீக?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டிருக்கிறார்.

நோய்க்கெல்லாம் அவர் வைத்த பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. திரை முழுக்கப் புள்ளிபுள்ளியாகக் கலர் இறைந்தால் அது சுங்குடி: கார்டு சூட்டில் வேகிறது. குறுக்கே கோடு ஓடினால் வேட்டிக்கரை: வயரைப் பார்க்க வேண்டும். மொத்தமாகக் கறுத்துப் போனால் எழவு: பவர் பத்தவில்லை. போனில் கூப்பிட்டால் வணக்கம்கூடச் சொல்லமாட்டார். "சுங்குடியா, கரையா, எழவா?" என்றுதான் கேட்பார். கூப்பிட்டது யார் என்று தெரியாத பக்கத்து ஆள்கள் ஏதோ ஜவுளிக்கடைக்காரர் துக்க வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கோபம் அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. அதில் முதல் இடம் ஃபார்மட்டுக்கு. "ஃபார்மட் அடிச்சுப் பாத்துட்டோம்ணே" என்று யாராவது சொன்னால் போதும். "காய்ச்சல்காரனுக்கு மொட்டை அடிச்சு விட்டீகளாக்கும்? இப்பக் காய்ச்சலும் இருக்கு, முடியும் இல்ல!" ரெட்டியார்சத்திரத்தில் ஒரு பூ வியாபாரி வீட்டில் ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரைப் பிரித்துக் கார்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். சந்தனம் காய்ந்து காற்றாடி நின்றுவிட்டது. ஒச்சப்பன் அந்தக் கார்டை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சந்தனத்தைச் சுரண்டினார், முக்கால் மணி நேரமும் திட்டினார். "சாமி கும்பிடுங்கத்தா, வேண்டாங்கல. அதுக்கு மூக்கைப் பொத்தியா கும்பிடுவாக?" அந்த வீட்டு அம்மா பயந்து போய் அவருக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தது.

அவரைக் கோபப்படுத்துவது ஊரில் சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு. "அண்ணே, கார்டை ஷாம்பூ போட்டுக் கழுவலாமா?" என்று போனில் கேட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்டவர்கள் பெயர் இங்கே வேண்டாம்.

மற்ற டெக்னீசியன்களையும் அவர் விடுவதில்லை. பாதிப் பேர் பார்க்காமலே நோய் சொல்லிவிடுகிறார்களாம். "தொட்டுப் பாக்காம சொல்றவன் டெக்னீசியன் இல்லலே, ஜோசியன்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை அவர் வாயால் நூறு தடவை கேட்காதவர்கள் அவரிடம் வேலை வாங்கியவர்களே இல்லை.

பேகம்பூரில் முகமது பாரூக் ஒரு கேம் சென்டர் வைத்திருக்கிறார். ஆறு கம்ப்யூட்டர். இரண்டாயிரத்து எட்டாம் வருஷத் தொடக்கத்தில் அங்கே இரண்டு மெஷினிலிருந்து ராம் காணாமல் போனது. வேறு ஊராக இருந்தால் கேமரா வைத்திருப்பார்கள். பாரூக் நேராகப் பூட்டுக்காரரிடம் போனார். ஒவ்வொரு சி.பி.யூ.வுக்கும் கனத்த தகட்டில் ஒரு இரும்புக் கூடு அடித்து, அதற்குக் கதவு வைத்து, கதவில் மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டார். வயர் போக ஒரு ஓட்டை, பட்டனை அமுக்க விரல் போக ஒரு ஓட்டை. அவ்வளவுதான். ஆறாம் நம்பர் கூட்டுக்குள்தான், அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெரிய கார்டு இருந்தது. முழங்கை நீளம். அதற்காகவே நத்தத்திலிருந்தெல்லாம் காலேஜ் பசங்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

சென்டரைப் பார்த்துக்கொண்டவர் கருப்பணன். ஐம்பது வயது. இருபது வருஷம் நூல் மில்லில் வேலை செய்து, மில் மூடியதும் இங்கே வந்தவர். காலையில் கதவைத் திறப்பது, கூட்டுவது, யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. மவுஸைக்கூடப் பயந்து பயந்து துடைப்பார்.

மே மாதம் ஒரு நாள் காலை பாரூக் ஒச்சப்பனை வரச் சொன்னார். போனபோது கருப்பணன் நாற்காலி காலி.

"கார்டை மாத்திட்டான் ஒச்சப்பா" என்றார் பாரூக். "நல்லதை எடுத்துட்டு டூப்ளிகேட்டை மாட்டி வச்சுட்டான். எண்ணி இருபது நிமிசம், சுங்குடி விழுந்து நின்னுபோகுது. போன வாரமே ஆளை நிறுத்திட்டேன். சாயங்காலம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். நீ பாத்துட்டு, 'இது டூப்ளிகேட்டு'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுரு."

"கருப்பணண்ணனா?"

"அவனேதான். கூட்டைத் தொறந்து போட்டிருந்ததை என் கண்ணால பாத்தேன்."

ஒச்சப்பன் ஜன்னல் கம்பியைத் தொட்டார். அங்கே பழைய வட்டம் ஏற்கனவே இருந்தது. பாரூக் இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கார்டு வெளியே வந்தது. ஒச்சப்பன் டார்ச் அடித்துப் பார்த்தார், ரப்பரால் பல்லைத் தேய்த்தார், பிரஷ்ஷால் தூசி தட்டினார். பிறகு, "இது வந்த அட்டைப்பெட்டி எங்க பாய்?" என்றார்.

பெட்டி பாரூக் வீட்டு பீரோ மேல் இருந்தது. ஒரு ஆள் போய் எடுத்து வந்தான். பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரை விளையாட வந்திருந்த விக்னேஷ்குமார் வாசிக்க, கார்டில் இருந்த நம்பரை ஒச்சப்பன் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தார். கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றே.

"இது அதே கார்டுதான் பாய். யாரும் மாத்தல."

"அப்ப ஏன் நிக்குது?"

ஒச்சப்பன் கார்டை மாட்டி, மெஷினைக் கூட்டுக்கு வெளியே மேஜை மேல் வைத்து ஓட்டினார். விக்னேஷ்குமார் ஒரு மணி நேரம் சுட்டுத் தள்ளினான். எழுபத்திரண்டு டிகிரி. ஒரு புள்ளி விழவில்லை. அப்புறம் அதே மெஷினைக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எண்பது, தொண்ணூறு, நூறு. பத்தொன்பதாவது நிமிடம் விக்னேஷ்குமார், "அண்ணே, சுங்குடி!" என்று கத்தினான். ஒச்சப்பன் கூட்டின் தகட்டில் கையை வைத்தார். உடனே எடுத்து உதறினார்.

"இட்லிச் சட்டிக்குள்ள வச்சு மூடிட்டு கார்டைக் கொறை சொல்றீகளே பாய்! இதுக்கு வாயிருந்தா அழுதிருக்கும்!"

பாரூக்கும் லேசுப்பட்டவர் இல்லை. "ரெண்டு மாசம் இதே கூட்டுக்குள்ளதானப்பா நல்லா ஓடுச்சு? அப்பச் சுடலையா?"

ஒச்சப்பன் டார்ச்சை எடுத்தார். கூட்டுக்குள் அடித்தார். கதவுக் கீலுக்குப் பக்கத்தில் ஏதோ மஞ்சளாகக் கிடந்தது. எடுத்தார். மில்லில் நூல் சுற்றுகிற காகிதக் கோன். நசுங்கித் தட்டையாகியிருந்தது. அதன் ஒரு ஓரத்தில் கதவு விளிம்பு அழுத்திய தடம்.

"பாத்தியா?" என்றார் பாரூக். "இந்தக் குப்பையைச் சொருகித்தான் கதவைச் சாத்தவிடாம வச்சிருந்தான். நாலு விரக்கடை தொறந்தே கெடந்துச்சு. அதைப் பாத்துத்தான் பூட்டிட்டு, சாவியை வாங்கி நானே வச்சுக்கிட்டேன்."

"என்னைக்கு?"

"எங்க வீட்டு ரம்லா கல்யாணத்துக்கு முந்துன நாளு."

"சுங்குடி என்னைக்கு விழுந்துச்சு?"

பாரூக் விரல் விட்டு எண்ணினார். "கல்யாணத்தன்னைக்கு" என்றார் கடைசியில், யாருக்கோ சொல்வது மாதிரி.

ஒச்சப்பன் கோனைக் கதவிடுக்கில் அதே தடத்தில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. வேறு எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டச் சொன்னார். எண்பத்தொன்றில் ஏறி அங்கேயே நின்றது. அரை மணி. முக்கால் மணி.

"அன்னைக்கு ஒரு நா சொன்னான்" என்றார் பாரூக் தரையைப் பார்த்துக்கொண்டு. "மில்லுல மோட்டாரை அடைச்சு வச்சா புழுங்கிப் போயிரும் பாய்னு. ஒனக்கென்னய்யா கம்ப்யூட்டரைப் பத்தித் தெரியும்னு நாந்தான் வெரட்டி விட்டேன்."

அவ்வளவுதான். ஒச்சப்பனுக்கு அதுவரை சேர்ந்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "இந்தக் கார்டைக் காப்பாத்துன மனுசனைத் திருடன்னு தெருவுல நிறுத்திருக்கீகளே, நியாயமா பாய்? இருபது வருசம் மில்லுல நின்ன ஆளு! ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து நம்பர் பாக்க ஏலல, ஸ்டேஷனுக்குப் போக மட்டும் ஏலுதா? மொதல்ல டூப்ளிகேட்டுன்னு சொன்னவன் எவன்? எந்த மடப்பய சொன்னான்? அவனைக் கூப்பிடுங்க இங்க! தொட்டுப் பாக்காம சொன்னானா இல்லையா கேப்போம்!"

"நீதானப்பா சொன்ன."

கேம் சென்டரில் ஆறு காற்றாடிச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது.

"போன்ல" என்றார் பாரூக். "போன வாரம். நீ ரெட்டியார்சத்திரத்துல ஏதோ மேசைக்கு அடியில கெடக்கேன்னு சொன்ன. 'நல்ல கார்டு இப்படி நிக்காது பாய், எவனாச்சும் மாத்திருப்பான்'னு சொல்லிட்டு வச்சுட்ட. நான் பெருசா என்னத்தக் கண்டேன்? நீ சொன்னா சரியா இருக்கும்னு…"

ஒச்சப்பனுக்கு ஞாபகம் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, வாயில் ஸ்குரூவை வைத்துக்கொண்டு சொன்னது. அந்த மாதிரி நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிறார்.

பையை எடுத்து ஒவ்வொரு சாமானாக உள்ளே போட்டார். ரப்பரைப் போட மறந்துவிட்டார். விக்னேஷ்குமார் எடுத்து நீட்டியபோது திட்டாமல் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அந்தச் சென்டரில் எல்லோரையும் பயமுறுத்தியது அதுதான்.

வேலை போனதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் சேர்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார் கருப்பணன். உச்சி வெயில். சுற்றிலும் புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்த இரும்புக் குழாய் வேலி. ஒச்சப்பனுக்குப் பின்னாலேயே பாரூக்கும் தன் வண்டியில் வந்துவிட்டார். ஆனால் ரோட்டோரமாக நிறுத்தி, இறங்காமல் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பு, வண்டி விடணுமா?" என்றார் கருப்பணன்.

"இல்லண்ணே."

கருப்பணன் கையிலிருந்த டோக்கன் கட்டைச் சரிசெய்தார். ரோட்டோரத்தில் பாரூக்கைப் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். என்னென்னவோ கேட்டிருக்கலாம், அவர் கேட்டது வேறு.

"அந்த ஆறாம் நம்பரு இப்ப எப்படி இருக்கு? ஓடுதா?"

"ஓடுதுண்ணே. கதவைத் தொறந்து வச்சாச்சு. ஒங்க கோனைத்தான் சொருகிருக்கேன்."

"அதான்யா. பாவம், புழுங்கும்ல."

ஒச்சப்பன் சட்டைப் பைக்குள் கையை விட்டு வண்டிச் சாவியை எடுத்தார். வேலிப் பக்கம் திரும்பினார்.

"ஏப்பு, ஏப்பு, நேத்துத்தான் அடிச்ச பெயிண்டு!" என்றார் கருப்பணன்.

ஒச்சப்பன் காதில் வாங்கவில்லை. ஒரு ரூபாய் அளவுக்குச் சுரண்டி, வெயிலில் கொதிக்கிற அந்த இரும்பில் உள்ளங்கையை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். பிறகு திரும்பி, கருப்பணனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.