பிரசவ வார்டில் இருந்த தாதி

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் அப்பா படுத்திருந்தபோது அந்தத் தாதியைப் பார்த்தேன். குள்ளமான உருவம், முழங்காலில் கட்டு, முக்கால்வாசி நரைத்த தலை. யாரைத் தொடுவதற்கு முன்பும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அப்பா இருந்த முதியோர் வார்டு முன்பு பிரசவ வார்டாக இருந்ததாம்; அப்போதும் அவர் அங்கேதான் வேலை பார்த்தாராம். பச்சைப்பிள்ளைகளைத் தூக்கிய காலத்துப் பழக்கம் அது.

ஒரு மத்தியானம் அப்பா கூப்பிட்டும் யாரும் வரவில்லை. தானாகக் கட்டிலைவிட்டு இறங்கப்போய் விழுந்துவிட்டார். தகவல் வந்து சுங்கை பினாங்கில் உள்ள வீட்டிலிருந்து நான் ஓடி வந்தபோது, அந்தத் தாதி அப்பாவின் நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேருக்கு நீங்க ஒருத்தர்தானா மிஸ்ஸி? கூட ஆள் கேக்கக் கூடாதா?" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது.

"கேட்டாச்சு தம்பி. காசு இல்லைங்கிறாங்க. வேலை செஞ்சு வரி கட்டுறவங்க குறைஞ்சுட்டாங்க, படுக்கையில கிடக்கிறவங்க கூடிட்டாங்க. ஆள் வேணும்னா முதல்ல பொறக்கணும்லா." துணியை அலசிக்கொண்டே கேட்டார்: "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இல்ல மிஸ்ஸி. செலவு கட்டுப்படியாகாதுன்னு பெத்துக்கல."

"எனக்கு ஒரே மக. சிங்கப்பூர்ல தாதியா இருக்கா. அங்க உள்ள வயசானவங்களப் பாக்குறா. நான் வந்து படுக்கிறப்ப இங்க யாரு இருப்பான்னு தெரியல."

அப்பா வீடு திரும்பவில்லை. அன்று அந்தத் தாதி என்னைக் குறை சொன்னாரா, தனக்காகப் பயந்தாரா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அப்பா விழுந்ததும் ஓடி வர நானாவது இருந்தேன்.