அவங்கவங்க கையால குடுங்க

தமிழும் மலையாளமும் புழங்கும் எல்லைப் பக்கம், எலப்புள்ளியில் ஒரு தின்பண்டத் தொழிற்சாலையின் பின்பக்கக் கேட்டில் என் தங்கை நஜ்லா காவல் வேலை பார்க்கிறாள். முன்பக்கத்தில் சரக்கும் பெரிய மனிதர்களும் வருவார்கள். பின்பக்கத்தில் கழிவு வெளியே போகும். புதுநகரத்தில் என் சாக்குக்கடைக்கு வருகிறவர்கள், "ஏனுங்க ஜப்பார், தங்கச்சி இன்னும் குப்பை லாரிக்குத்தான் சலாம் போடுதா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க. அவ கை காட்டாம அந்த லாரி உள்ள போகாதுங்க" என்பேன்.

எங்கள் இருவரில் படித்தவள் அவள்தான். நான் தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அவள் மலையாளப் பள்ளியில் பன்னிரண்டு வரை போனாள். வீட்டில் அவள் சொல்லும் மலையாளச் சொற்களை நான் தமிழாக்கிக் கேட்டுக்கொள்வேன். அதில் சிரிப்பும் வரும், சண்டையும் வரும்.

போன மழைக்காலத்தில் கழிவு எடுக்கப் புதுக் குத்தகைக்காரர் வந்தார். அவருடைய மேஸ்திரி ஜெகன் லாரியோடு வருவான். வெளியாள் யார் வந்தாலும் கேட்டில் அசல் ஆதார் கார்டைக் காட்ட வேண்டும். ஜெகன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, சுமைக்காரர் சின்னமுத்துவின் கார்டை அதிலிருந்து காட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்துக்கொள்வான். சின்னமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூணாரில் மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்.

ஒருநாள் நஜ்லா, "உங்க கார்டு எதுக்கு அவர் கையில இருக்குதுங்க?" என்று அவரிடம் கேட்டாள். அவர் ஜெகனைப் பார்த்தார். ஜெகன் சிரித்துக்கொண்டே, "எல்லாம் ஞான் சூட்சிச்சு வெச்சிட்டுண்டு சேச்சி" என்றான்.

அன்று சாப்பிடும்போது அவள் இதைச் சொன்னாள். நான் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

"சூழ்ச்சி வெச்சிருக்கானா? அவனே சொல்லிட்டானா?"

அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "பத்திரமா வெச்சிருக்கேன்னு அர்த்தம்ணே. நீ போய் சாக்கை எண்ணு."

கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். "அண்ணே, ஒருத்தர் கார்டை இன்னொருத்தன் எதுக்குப் பத்திரமா வெக்கணும்?"

மறுநாள் ஒரு கையெழுத்து வேண்டுமென்று ஜெகனை முன்பக்க ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, அவள் சின்னமுத்துவிடம் பேசினாள்.

"சத்தமாக் கேக்காத தாயி" என்றார் அவர். எஸ்டேட்டில் வேலை குறைந்தபோது, ஓட்டல் வேலை, தங்க அறை என்று சொல்லித்தான் அவரையும் அவர் மனைவி சாந்தம்மாளையும் கூட்டி வந்திருக்கிறார்கள். வந்து இறங்கியது கழிவு பிரிக்கும் ஷெட்டில். போலீசில் பதிய வேண்டும் என்று கார்டுகளை வாங்கிக்கொண்டார்கள். போனையும் வாங்கிக்கொண்டார்கள். "பொழுது சாஞ்சா வெளிய பூட்டு. ஊருக்குப் போகும்போது மொத்தமாக் கூலிங்கான். எப்ப போறதுன்னு கேட்டா சிரிக்கான்."

"நீங்க இப்பவே இங்கயே நின்னுக்கோங்க. நான் ஆளைக் கூப்பிடறேன்."

"எம் பொண்டாட்டி அங்கல்லா கெடக்கா. நான் போகலைன்னா அவளை என்ன செய்வான்? இந்த வாரக் கடைசில எங்களை வேற எங்கயோ மாத்தப் போறானாம். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேங்கான்."

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. நடந்ததைச் சொல்லி, புகார் கொடுக்கப் போகிறேன் என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. "உன் வேலை போயிரும் நஜ்லா" என்றேன்.

"போனா உன் கடையில சாக்கு தைக்கறேன்."

"உனக்கு ஊசி கோக்கவே தெரியாது."

"அதுக்குத்தான் அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்."

அடுத்த நாள் அவள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் ஜோமோள் என்ற அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரையும் சேர்த்து ஒரே இடத்தில் பத்திரமாக நிறுத்த முடிந்தால் தாமே அங்கு வருவதாக ஜோமோள் சொன்னார். அன்று லாரி வந்தபோது நஜ்லா ஜெகனிடம், "பெண்கள் கழிப்பறைக் கழிவை ஆம்பளைங்க எடுக்கக் கூடாது. நாளைக்கு ஒரு பொம்பளை ஆள் வேணும். இல்லைன்னா லாரி உள்ள வராது" என்றாள்.

"சேச்சிக்கு தினம் ஒரு புது நியமம்!"

"நியமம் பழசுதான். நான்தான் இப்பப் படிச்சேன்."

மறுநாள் லாரியில் சாந்தம்மாள் வந்தார். ஜெகன் கவரைப் பிரித்துக் கார்டுகளை நீட்டினான். நஜ்லா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவங்கவங்க கையால குடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே சேச்சி?"

"ஒண்ணுதான்னா அவங்ககிட்ட குடுக்கறதுல உனக்கென்ன கஷ்டம்?"

பின்னால் நின்ற தண்ணீர் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். ஜெகன் எரிச்சலோடு கார்டுகளைக் கொடுத்தான். சின்னமுத்து தன் கார்டைக் காட்டினார். நஜ்லா பார்த்துவிட்டு அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். சாந்தம்மாள் கார்டைக் காட்டவில்லை. அதிலிருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நானா? இம்புட்டு சதைப்பத்தாவா இருந்தேன்?"

நஜ்லா இருவரையும் உள்ளே விட்டுக் கேட்டைச் சாத்தினாள். கேன்டீனில் ஜோமோள் காத்திருந்தார். வெளியே ஜெகன் கொஞ்ச நேரம் கேட்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு லாரியை விட்டுவிட்டு, போனில் பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் ஓடிவிட்டான்.

இருவரிடமும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, ஜோமோள் போலீசோடு ஷெட்டுக்குப் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அடுப்பில் அரிசி பாதி வெந்தபடி இருந்ததாம். சாந்தம்மாளோடு சேர்ந்து கழிவு பிரித்த வடநாட்டுக்காரர்கள் அன்று காலை வரை அங்கே இருந்திருக்கிறார்கள். பாஷை தெரியாததால் அவர்கள் பெயர்கூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

சின்னமுத்துவும் சாந்தம்மாளும் மூணார் பஸ் ஏறினார்கள். நானும் போய் வழியனுப்பினேன். சாந்தம்மாள் கார்டைப் பர்ஸில் வைக்க மாட்டேன் என்று கையிலேயே பிடித்திருந்தார்.

தொழிற்சாலை அந்தக் குத்தகையை நிறுத்திவிட்டது. இப்போது எந்தக் கழிவு லாரி வந்தாலும், மேஸ்திரியை வெளியே நிறுத்திவிட்டு, ஆட்களிடம் நஜ்லா தனியாகப் பேசலாம் என்று உத்தரவு இருக்கிறது. ஊரில் எல்லோரும் அவளைப் பாராட்டுகிறார்கள். நானும் கடையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறேன். அவளுக்கு மட்டும் அது காதில் ஏறுவதில்லை. "கேட்டுல நான் கார்டு கேட்ட அதே நேரத்துல ஷெட்டுக்கும் ஆள் போயிருக்கணும்ணே" என்பாள்.

போன வாரம் சாக்கு வாங்க அவளுடைய ஸ்கூட்டரில் கோவிந்தாபுரம் போனோம். எல்லை செக்போஸ்ட் பக்கம் தார்ப்பாய் கட்டிய கழிவு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவள் அதன் பின்னாலேயே வண்டியை விட்டாள்.

"வேகமாப் போகாத" என்றேன்.

"பேசாம பாருண்ணே. தார்ப்பாய்க்குள்ள ஆள் தெரியுதா?"

நான் எட்டிப் பார்த்தேன்.