என் கையையே பார்த்தவள்

என் மனைவி என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண்டுகொண்டேன். தேநீர்க் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பூட்டுக் கடை. சக மனிதனை நம்புகிறவன் எவனும் பூட்டு வாங்க வரமாட்டான் என்பதால், சந்தேகப் பார்வை எனக்கு அத்துப்படி. ஆனால் பதினாறு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடமிருந்து அது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். கையில் குளிர்ப்பெட்டி, தோளில் ஊசிப் பை, ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு. குழந்தைகள் வாயைத் திறந்து அழத் தொடங்குவதற்குள் ரத்தம் பிடித்த குழாயை மூடிவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஊர்க்கதை முழுக்க எனக்கு வந்துவிடும். எந்த வீட்டு நாயைக் கட்டமாட்டார்கள், எந்தப் பெரியவர் ஊசியைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுப் பாடுவார் என்று ஒன்று விடமாட்டாள். சில மாதங்களாக அந்தப் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்திருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கவனித்தேன். வீட்டுக் கூடத்தில் வழக்கமான இடத்தை விட்டு, வாசலுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறியிருந்தாள். சமையலறையில் நான் பின்னால் போய் நின்றால், ஒரு எட்டு விலகித் திரும்பினாள். சட்டைப் பைக்குள் நான் கையை விட்டால் அவள் பேச்சு பாதியில் நின்றது. என்னத்தைக் கண்டுபிடித்துத் தொலைத்தாள்? விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த சிகரெட்டையா?

ஐந்தாவது வாரம் அவள் மணிக்கட்டில் நாலு விரல் பதிந்த மாதிரி கன்றியிருந்தது. கேட்டால், பெட்டியின் பட்டை அழுத்திவிட்டது என்றாள். பட்டைக்கு எங்கே விரல் இருக்கிறது? செவ்வாயும் வெள்ளியும் மதியம் அவள் போனை எடுப்பதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

வெள்ளிக்கிழமை கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மாடியில் அவள் வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்துக்கே போனேன். வரவேற்பில் யாரும் இல்லை. பின்பக்கச் சாமான் அறையிலிருந்து சத்தம் கேட்டது. கதவில் கை வைக்கப் போனேன். அதற்குள் கதவு படீரென்று திறந்து, என் மனைவி "தள்ளிப் போ" என்று அலறிக்கொண்டே ஓடிவந்து என்மேல் மோதினாள். இரண்டு பேரும் சுவரில் போய் முட்டிக்கொண்டோம்.

உள்ளே ஆறு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவில் நின்றவர் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா. எல்லோருக்கும் வேன் அக்கா. சாப்பாட்டு நேரத்தில் இருபது இருபது நிமிடமாக மொத்தம் பன்னிரண்டு வகுப்பு எடுக்கிறாராம். குத்து, உதை எல்லாம் கிடையாது. பிடித்தவனின் கட்டைவிரல் பக்கம் கையைத் திருப்பி உருவ வேண்டும், கத்த வேண்டும், கதவைப் பார்த்து ஓட வேண்டும். என் மனைவியின் மணிக்கட்டில் இருந்தது ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்களின் தடம்தான்.

"இவர்தான் அந்த ஆளா?" என்றார் வேன் அக்கா. "கோவிச்சுக்காதீங்க. வீட்ல இருக்கிற ஆம்பளைய வச்சுப் பழகுங்க, அவருக்குத் தெரிய வேண்டாம்னு நான்தான் சொன்னேன். கை எங்க இருக்கு, கதவு எங்க இருக்குன்னு பார்க்கிறதுதான் வீட்டுப்பாடம். தெரிஞ்சா நீங்க நடிக்க ஆரம்பிச்சிடுவீங்க."

ஐந்து வாரமாக நான் பாடப்புத்தகமாக இருந்திருக்கிறேன். ஆறு பேருக்கு முன்னால் அசடு வழிய நின்றேன்.

மாடிப்படியில் அவளை நிறுத்தி, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். வியாழக்கிழமை போகும் வீடு ஒன்று இருக்கிறதாம். படுக்கையில் ஒரு வயதான அம்மா. அவருடைய மகன் இவள் நுழைந்ததும் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வானாம். ரத்தம் எடுத்து முடிக்கும்வரை இவள் முதுகுக்குப் பின்னால் நிற்பானாம். அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததால் மேலாளரும் புகாரை வாங்கவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நாலு மாசம் முன்னாடி கேட்டேனே. உள்ள மாட்டிக்கிட்டா சாவி இல்லாம கதவத் திறக்க முடியுமான்னு. நீ எங்க திருடப் போறேன்னு கேட்டுச் சிரிச்சீங்க."

சிரித்தது ஞாபகம் இருந்தது. கடைக்கு வந்த இரண்டு பேரிடம் அதைச் சொல்லித் திரும்பவும் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. இவனிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். சந்தேகமே தேவலை என்று தோன்றியது.

பூட்டு எப்படி இருக்கும் என்று கேட்டேன். இரண்டு பக்கமும் சாவித் துவாரம், உள்ளேயிருந்து கையால் திருப்பித் திறக்கும் திருகு கிடையாது என்றாள். மாதத்துக்கு நாலாவது விற்பேன் அந்தப் பூட்டை.

"முடியாதும்மா. உள்ளேயிருந்து சாவி இல்லாம அத திறக்கவே முடியாது. நீ அந்த வீட்டுக்குள்ள போகாத."

"போறதில்ல. அந்தம்மாவ சக்கர நாற்காலியில வாசலுக்குக் கொண்டு வரச் சொல்லிட்டேன். வெளிய நின்னுதான் எடுக்கிறேன்," என்றாள். "உள்ள போகாதன்னு வேன் அக்கா மொத நாளே சொல்லிட்டாங்க."

அவளுக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.