ஜெயந்திக்காக ஓட்டிய சைக்கிள்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில், ஆறாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் இடையில், பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்மணி தன் இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். கையில் துணிக்கூடை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற அதே குரல். நான் டொரான்டோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்திலும் இப்படித்தான். தனக்கு வியாழக்கிழமை புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வர இயலாது என்று என் மேலாளர் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார். செங்கல்பட்டில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் எதனால் இறந்தார் என்று தெருவில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. வயிற்று வலி என்றார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்வரை வயிற்று வலியாகவே இருந்தது.

நான் மென்பொருள் சோதிக்கும் பொறியாளர். எதையும் பட்டியல் போட்டுத்தான் யோசிப்பேன். இருபத்தைந்து வயதில் கழுத்தில் கட்டி வந்து, அது நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய் என்று தெரிந்த அன்றும் பட்டியல்தான் போட்டேன்: விடுப்புக் கடிதம், காப்பீடு, பாத்திரம் கழுவும் முறையை அறைத்தோழியிடம் மாற்றிக்கொள்வது, கடைசியாக அம்மா. காலிங் கார்டைச் சுரண்டி எண்களை அழுத்தினேன். அம்மா அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வேற யார் யார்கிட்ட சொன்ன?" என்றாள்.

"அக்காகிட்ட. ஆபீஸ்ல."

"அதோட நிறுத்து."

கீமோ ஆரம்பிக்கும்போது வர முடியுமா என்று கேட்டேன். அம்மாவின் பதிலில் தர்க்கப் பிழை ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் அம்மாக்கள் விமானம் ஏறுவது மகளின் பிரசவத்துக்கு மட்டும்தான். "கல்யாணம் ஆகாத பொண்ணப் பாக்க நான் எதுக்குக் கனடா போறேன்னு கேப்பாங்க. என்ன சொல்றது? ஒண்ணு நீ கெட்டுப்போயிட்டேன்னு நினைப்பாங்க, இல்ல வியாதின்னு நினைப்பாங்க. அக்காவுக்கு ஜாதகம் குடுத்துட்டிருக்கோம், மறந்துடாத." அக்கா வித்யாவுக்கு அப்போது இருபத்தேழு. தோஷம் என்று இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது.

ஆறு மாதம் பேருந்தில் மருத்துவமனைக்குப் போய்ப் பேருந்தில் திரும்பினேன். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனபோது தலையில் முடி இல்லை. ஆட்டோவிலிருந்து நான் இறங்குவதற்குள் பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்துவிட்டார். அவர் வாயைத் திறக்குமுன் அம்மா, "திருப்பதி வேண்டுதல், கனடாலேருந்து நேரா அங்க போயிட்டு வர்றா" என்றாள். மறுநாள் யாரிடமோ சொல்லி வரவழைத்த திருப்பதி லட்டுகளைப் பிட்டு, பதினோரு வீட்டுக்கும் என் கையாலேயே கொடுக்கச் சொன்னாள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். ஒரு பாட்டி என் மொட்டைத் தலையைத் தடவி, நல்ல இடமாக அமையும் என்று வாழ்த்தினார்.

இரண்டு வருடம் கழித்து, நோய் திரும்பவில்லை என்று மருத்துவர் சொன்ன வசந்த காலத்தில், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் சைக்கிள் பயணத்தில் சேர்ந்தேன். இரண்டு நாள், ஏரிக்கரையோரம் இருநூறு கிலோமீட்டர். பிழைத்தவர்களுக்கு மட்டும் ஊதா நிறக் கைப்பட்டை தந்தார்கள். முதல் நாள் நடுப்பகலில் தொடை மரத்துப்போய் ஒரு மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த வயதானவர், யாருக்காக ஓட்டுகிறாய் என்று கேட்டார். எனக்காக என்றேன். அவர் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். நான் அவசரமாகச் சுற்றிலும் பார்த்தேன். கூச்சம் என்று நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார். நான் பார்த்தது தமிழ் முகம் ஏதாவது இருக்கிறதா என்று. அதை ஆங்கிலத்தில் விளக்க எனக்குத் தெரியவில்லை.

தமிழ் முகம் இருக்கத்தான் செய்தது. அந்த வாரம்தான் அக்காவுக்குத் திருப்போரூரில் ஒரு வரன் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் டொரான்டோவில் இருப்பது எனக்குத் தெரியாது. ரயிலில் இலவசமாகக் கிடைக்கும் நாளிதழில் என் படமும் பெயரும் வந்திருந்தன. அவர் அதை ஸ்கேன் செய்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"எதுக்கு ஓட்டறான்னு கேட்டாங்க. கூட இருந்த பொண்ணு அந்த வியாதில செத்துப்போச்சு, அவ ஞாபகமா ஓட்டறான்னு சொல்லிட்டேன்."

"படத்துல கையில பட்டை இருக்கே?"

"எல்லாருக்கும் குடுத்தாங்கன்னுட்டேன். நீ வந்துட்டுப் போறவ. வித்யா இங்க வாழணும். இது கலைஞ்சா அவளுக்கு இன்னொண்ணு அமையாது."

"செத்தவ பேரு என்ன சொன்ன?"

"பேரெல்லாம் சொல்லல. நீயே வெச்சுக்கோ."

வைத்தேன். பெயர் ஜெயந்தி. வயது இருபத்தைந்து. சொந்த ஊர் சேலம். வேலை, என்னுடையதே. நோய், என்னுடையதே. இறந்தது, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம். பயணத்துக்கான இணையப் பக்கத்தில் நான் எழுதியிருந்த என் கதையை அழித்தேன். சோதித்துப் பார்த்தேன், பிழை எதுவும் இல்லை. கல்யாணத்துக்கு விடுப்பு எடுத்து வந்தேன். தாலி ஏறியது. நான் ஊதா நிறம் எதுவும் உடுத்தவில்லை.

கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் இரண்டு குடும்பமும் ஒரு வேனில் மாமல்லபுரம் போனோம். மணமக்கள் தண்ணீர் ஓரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை சரோஜா எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து மணலில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் நடக்கும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

"கண்ணாலத்துல கேக்கக் கூடாதுன்னு வாய மூடிகினு இருந்தேன் கண்ணு. சைக்கிள் ஓட்டினா பணம் குடுக்கறானாமே அந்த ஊர்ல? மிதிக்காம கேட்டா குடுக்க மாட்டானா?"

"கேட்டா தோணாது அத்தை. ஓட்டினா குடுப்பாங்க."

"இன்னா ஊரோ. அந்தப் பொண்ணு ரொம்ப கஷ்டப்பட்டுச்சா?"

"பட்டா. ஊசி போட்ட மூணாம் நாள் எலும்புக்குள்ள வலிக்கும். வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிச்சா இரும்பு மாதிரி இருக்கும்."

"யார் பாத்துகினாங்க?"

"யாருமில்ல. பஸ்ல போய் பஸ்ல வருவா."

"அவங்கம்மா?"

"வரல."

"ஏன், இல்லியா?"

"இருக்காங்க. வரல."

அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பெத்தவளா அவ? சம்பந்தி, நீங்க நாலு புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றவங்க. நீங்களே சொல்லுங்க, இப்பிடி ஒருத்தி இருப்பாளா?"

அம்மா சேலை மடிப்பிலிருந்த மணலை உதறினாள். "சில பேர் அப்படித்தான் இருக்காங்க" என்றாள்.

"ஒரு விதத்துல நல்லதுதான் கண்ணு. பொழச்சிருந்தா மட்டும் அத எவன் கட்டுவான்? கூடப் பொறந்தது எதுனா இருந்தா அதுக்கும் பேஜாரு." என் முழங்காலில் தட்டிக்கொடுத்தார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது.

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வழியில்தான் வருகிறது. பொழுது சாய்ந்திருந்தது. அத்தை கோயிலருகே வேனை நிறுத்தச் சொன்னார். பெற்றவளே கவனிக்காத பெண், அதற்கு யார் விளக்கு வைத்திருக்கப் போகிறார்கள், நாமே ஒரு மோட்ச தீபம் ஏற்றிவிடுவோம் என்றார். "புது ஜோடி வண்டியிலயே இருக்கட்டும். இதுக்கெல்லாம் அதுங்க வரக் கூடாது." அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் கணவனைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குருக்கள் பெயர் கேட்டார். ஜெயந்தி என்றேன். நட்சத்திரம் கேட்டார். என் பட்டியலில் நட்சத்திரம் இல்லை. இருபத்தேழில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம், எனக்கு ஒன்றும் வரவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் முந்திக்கொண்டு பதில் சொல்லிப் பழகிய அம்மாதான் சொன்னாள்.

"அவிட்டம்."

அது என் நட்சத்திரம். அவசரத்தில் அவளுக்கும் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் சம்பந்தி?"

"இவதான் ஒரு தடவ சொன்னா."

குருக்கள் அவிட்ட நட்சத்திரத்தில் பிறந்த ஜெயந்தியின் ஆத்மா சாந்தியடைய வேண்டுமென்று சொல்லி விளக்கை ஏற்றினார். டொரான்டோவில் அப்போது விடிந்திருக்கும். அத்தை கும்பிட்டார். நான் கும்பிட்டேன். அத்தை திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் கைகளைக் குவித்து, கண்களை மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டாள்.

"திரும்பிப் பாக்காம வாங்க" என்று சொல்லிவிட்டு அத்தை முன்னால் நடந்தார். அம்மா அவர் பின்னால் போனாள், திரும்பவில்லை. நான் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். காற்று இல்லை. விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.